மிஞ்சிய இரண்டு அப்பம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கஞ்சியக்கா. துணிக்குப் போடுகிற கஞ்சியைச் சொல்கிறேன். இருபத்தாறு வருஷமாக டாக்டர்களின் கோட்டுக்குக் கஞ்சி போட்டுப் போட்டு, அதில் கொஞ்சம் அவள் முதுகுக்கும் ஏறிவிட்டது என்பது கூட வேலை பார்க்கிறவர்களின் கணிப்பு. நடந்தால் விறைப்பு, உட்கார்ந்தால் விறைப்பு. சிரிக்கவே மாட்டாள் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று முறை பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான். ஆபரேஷன் தியேட்டர் துணியும் வார்டுப் போர்வையும் ஒரே மெஷினில் போகக் கூடாது. கறையைப் பார்த்தே எந்த வார்டு, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவாள். புதிதாக வந்த மேற்பார்வையாளர் ஒருவர் அவளுக்குப் போர்வை மடிக்கச் சொல்லித்தரப் போய், கடைசியில் தான் மடிக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்.

வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாம் நாள் கோயில். அங்கேயும் அவளுக்குத் துணிதான்.

மாதம் ஒருமுறை சபை அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற பந்திக்குத் திருவிருந்து என்று பெயர். அதில் அப்பத்தையும் பாத்திரத்தையும் மூடுகிற வெள்ளைத் துணிகள், பீடத்து விரிப்பு, போதகரின் அங்கி, எல்லாம் அவள் பொறுப்பு. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு அலமாரி, ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி. பந்தியில் பயன்பட்ட துணியை அலசும்போது முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டாள். அப்பத்தின் துணுக்கோ திராட்சரசத்தின் சொட்டோ அதில் ஒட்டியிருக்கலாம் அல்லவா? அதனால் முதல் தண்ணீர் மண்ணுக்குத்தான். கோயிலின் பின்சுவர் ஓரமாக, யார் காலும் படாத இடத்தில், கவிழ்த்து ஊற்றிவிட்டு ஒரு நிமிஷம் நிற்பாள். அந்த இடத்தில் புல் கொஞ்சம் செழிப்பாக வளர்ந்திருந்தது. அதன்மேல் சைக்கிளை நிறுத்தியவர் ஒருவர் இப்போது வேறு கோயிலுக்குப் போகிறார்.

ஆராதனை என்றால் அவளுக்கு வகுத்த ஒழுங்கு உண்டு. வாசற்படியில் கால் வைத்ததும் வாயை மூடவேண்டும். பெஞ்சில் சாய்ந்து உட்காரக் கூடாது. அது என்ன, சினிமாக் கொட்டகையா? பாவ அறிக்கை சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் மண்டியிட்ட பிறகு ஒரு சொல் பேசக் கூடாது, இருமல் வந்தால்கூட விழுங்க வேண்டும். இதெல்லாம் எங்கும் எழுதிவைத்த சட்டம் இல்லை. அவள் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். பார்த்த பார்வையில் பெரிய ஆபீசர்களே செல்போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டிருக்கிறார்கள்.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பயந்த சுபாவம் இல்லை, ஆனால் யோசித்துத்தான் பேசுவார். அவர் ஒருமுறை சொன்னார், ஆண்டவரே நேரில் வந்தாலும் இவள் முதலில் காலைத் துடைத்துவிட்டு வரச்சொல்வாள் என்று. அதைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொன்னார்.

இவ்வளவு பயபக்தியுள்ள பெண் பதினொரு வருஷமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. இது சபையில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்குக் காரணம் தங்கை. கூடப்பிறந்த ஒரே தங்கை, அதே கோயில், அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை தன் இரண்டு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜெபத்தின் நடுவில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. தன் புடவை, பெஞ்சு, தரை எல்லாம் ஆகி, கைக்குட்டையும் போதாமல், பதற்றத்தில் தங்கை எட்டிப் பக்கத்து மேஜையில் இருந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அது பந்திக்கு என்று முந்தின நாள் துவைத்து, கஞ்சி போட்டு, நாலாக மடித்து வைத்த துணி.

கஞ்சியக்கா எழுந்து வந்தாள். பாதி துடைத்த வாயிலிருந்து துணியைப் பிடுங்கினாள். "இது என்ன உன் வீட்டுக் கரித்துணியா? புள்ளைய அடக்கி வச்சுக்கத் தெரியாதவளுக்கு முன் பெஞ்சு எதுக்கு?" என்று கேட்டாள். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் கேட்டதால் கடைசி பெஞ்சுவரை கேட்டது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த வாரம் திரும்பி வந்தாள், ஆனால் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சுக்கு. அன்றுமுதல் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களுடைய அம்மா இறந்தபோது சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று அழுதார்கள்.

அந்தத் துணியை மூன்று தடவை அலசினாள் கஞ்சியக்கா. கறை போய்விட்டது. அலசின தண்ணீரை மண்ணில் ஊற்றுவதா, சாக்கடையில் ஊற்றுவதா என்று அரை மணி நேரம் யோசித்தாள். குழந்தையைப் பற்றி யோசித்ததாக யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பந்திக்கு அழைப்பதற்கு முன் போதகர் ஒரு எச்சரிப்புச் சொல்வது வழக்கம். யார் மேலாவது மனதில் கசப்பு இருந்தால் இந்தப் பந்திக்கு வர வேண்டாம், முதலில் போய் அவரோடு ஒப்புரவாகிவிட்டுப் பிறகு வாருங்கள் என்பது அதன் சாரம். இதில் முதல் பாதியைக் கஞ்சியக்கா எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். எச்சரிப்பு தொடங்கியதும் எழுந்து துணி அறைக்குப் போய்விடுவாள். அடுத்து விரிக்கவேண்டிய துணியை இஸ்திரி போடுகிறாள் என்று சபை நினைத்துக்கொள்ளும். பாவம், மற்றவர்களுக்காக இந்த அம்மா எவ்வளவு பாடுபடுகிறாள் என்று ஒரு வருஷம் அவளுக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டாள்.

உள்ளே இஸ்திரிப் பெட்டியை உரசிக்கொண்டே அவள் வெளியே நடப்பதைக் காதால் கேட்பாள். பாட்டு, காலடிச் சத்தம், மரக் கிராதி கிறீச்சிடுவது. அதில் தங்கையின் காலடியும் இருக்கும் என்று அவளுக்கு நிச்சயம். வெட்கம் கெட்டவள், நெஞ்சு நிறைய வஞ்சத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் போய்க் கையை நீட்டுகிறாளோ என்று வயிறு எரியும். நானாவது பயந்து ஒதுங்கி நிற்கிறேன், அவளுக்கு அந்தப் பயமும் இல்லையே! இப்படி மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோபத்துக்கும் இஸ்திரி நடந்தது. மடிப்புக் கலையவே இல்லை.

ஆனால் ஒன்று. அந்தச் சபையில் பந்தி எடுக்க வருகிறவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒரு சீட்டில் பெயர் எழுதி, வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போடவேண்டும். போதகர் சீட்டை எண்ணி, அத்தனை அப்பம் மட்டுமே பீடத்தில் வைப்பார். ஆசீர்வதித்த அப்பத்தில் மிச்சம் விழுந்தால் வீசவும் கூடாது, எடுத்துவைக்கவும் கூடாது. போதகர்தான் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இந்தப் பெட்டியில் கஞ்சியக்கா மாதம் தவறாமல் சீட்டுப் போட்டாள். சனிக்கிழமை ஆனால், நாளைக்குப் போய்விடலாம் என்று தோன்றும். அந்தப் பந்தி அவளுக்கு வேண்டும். சின்ன வயதிலிருந்து அதைவிடப் பெரிய சாப்பாடு ஒன்று உண்டு என்று அவள் நம்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த எச்சரிப்பைக் கேட்டதும் தங்கையின் முகம் வரும், கால் தானாகத் துணி அறைக்குத் திரும்பும்.

பழைய போதகர் மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவருக்குக் கண் பார்வையும் குறைவு. பிறகு ஒரு புதுப் போதகர் வந்தார். நாற்பது வயது இருக்காது, மெல்லிய குரல், அதிர்ந்து பேசமாட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் துணி அறைக்கு வந்தார். அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அம்மா, எட்டு மாசமா உங்க அப்பத்த நான்தான் சாப்பிடறேன்" என்றார்.

கஞ்சியக்காவின் முகத்தில் ஈ ஆடவில்லை. மாதாமாதம் இரண்டு அப்பம் மிஞ்சுகிறது, அதில் ஒன்று உங்களுடையது என்று அவர் சொன்னார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வது போலச் சொன்னார். இன்னொன்று யாருடையது என்று அவள் கேட்டாள். தன்னுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இதைத்தான் முதலில் கேட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை நான் சொல்லக் கூடாது என்று போதகர் மறுத்துவிட்டார்.

"காரணம் நான் கேக்கலம்மா. வர்றதா இருந்தா சீட்டுப் போடுங்க. இல்லேன்னா போடாதீங்க. வர்றேன்னு எழுதிக் குடுத்துட்டு வராம இருக்கறது மரியாதை இல்லதானே?"

மரியாதை இல்லை என்ற சொல்லைக் கோயிலுக்குள் வைத்து அவளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அவர் போன பிறகு அங்கியை மடித்தாள். பிடிக்காமல் உதறி மறுபடி மடித்தாள். சீட்டுப் போடக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? பந்திக்கும் தனக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான். அதுவும் போனால் அந்த வீட்டில் அவள் துணி துவைக்கிறவள், வேறொன்றும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், அவளுக்குக் கோபம்தான் வரும். கோபம் நேராக அந்த இரண்டாவது அப்பத்தின் மேல் போனது. தனக்காவது காரணம் இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிற இன்னொரு ஆசாமி யார்? தூக்கத்தில் ஜெபம் கேட்கிற பலசரக்குக் கடைக்காரரா? பாட்டுக்குழுவில் உதட்டை மட்டும் அசைக்கிற அந்தத் தபால்காரரா? இரண்டு நாள் சலவைக்கூடத்தில் போர்வைகளை எண்ணிக்கொண்டே சபையை எண்ணினாள். வீட்டுக்காரரிடமும் கேட்டாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த வயதில் உனக்கு சிஐடி உத்தியோகம் வேறா என்று சொல்லி, பல்லைக் குத்தப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அவள் சீட்டுப் போடவில்லை. ஆனால் திருவிருந்து ஞாயிறு அன்று துணி அறைக் கதவை நாலு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். கள்ளனைப் பிடிக்க வேண்டும். எட்டு எட்டுப் பேராகச் சபை எழுந்து வந்து மண்டியிட்டது. பலசரக்குக் கடைக்காரர் வந்தார், விழித்துத்தான் இருந்தார். தபால்காரர் வந்தார். சந்தேகப்பட்ட ஒவ்வொருவரும் வந்து அவளை ஏமாற்றினார்கள். கடைசி வரிசையும் எழுந்து போய், பெஞ்சுகள் காலியான பிறகு, வாசல் பக்கத்து மூலையில் ஒரு ஆள் மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தது. தலை குனிந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து, சாயாமல் நேராக.

தங்கை.

கஞ்சியக்கா கதவைச் சாத்திவிட்டு இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் வாங்குவதில்லை. பதினொரு வருஷமாகச் சூடு ஆறாமல் காப்பாற்றி வைத்த கோபத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தங்கைமேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். முதலில் வந்தது அவமானம்தான். இரக்கம் அதற்குப் பிறகு, மூன்று வாரம் கழித்து, ஒரு சிறு குழந்தையின் ஆஸ்பத்திரித் துணி வாந்திக் கறையோடு மெஷினுக்கு வந்த நாளில் வந்தது. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, மூன்று மணிக்கு வேலை முடிந்ததும், தங்கை வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். தங்கை குனிந்து காகிதத்தை மெஷினில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒருவர் சான்றிதழ்க் கட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"எத்தனை காப்பி?" என்றாள் தங்கை, நிமிராமல்.

"நீ பந்திக்குப் போறதில்லையா?"

தங்கை நிமிர்ந்தாள். மெஷின் தன்பாட்டுக்குச் சான்றிதழ்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

"அதையும் கண்காணிக்க ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

"எத்தன வருஷமா?"

"ஏன், உனக்குத் தெரியாதா? அன்னையிலேருந்துதான். உன்ன மாதிரியா, உள்ளயே வாங்கிக்கறதுக்கு? வேலை செய்யறவங்களுக்கு முதல்லயே குடுத்துடுவாங்கல்ல."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ ஒரு மாசமாவது வாங்காம இருப்பியான்னு நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

"நான் வாங்கறதே இல்லடி" என்றாள் கஞ்சியக்கா.

தங்கையும் மாதாமாதம் சீட்டுப் போட்டிருக்கிறாள், அவளிடமும் போதகர் போன மாதம் வந்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார் என்பது மெல்ல மெல்ல வெளியே வந்தது. அக்கா மட்டும் வாங்குகிறாள், எப்படி மனசு வருகிறது என்று அவளும் மாதம் ஒருமுறை வயிறு எரிந்திருக்கிறாள். சான்றிதழ்காரர் தன் காகிதம் மெஷினில் சிக்கிக்கொண்டது என்றார். கொஞ்சம் இருங்க என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை மெஷினைத் திறந்து கசங்கிய காகிதத்தை இழுத்தாள். குனிந்தபடியே, அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், அது உனக்குத் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் ஒருவேளை அப்படிப் பேசியிருக்க மாட்டாய் என்று இத்தனை வருஷமாகத் தன்னையே சமாதானம் செய்துகொண்டதாகச் சொன்னாள்.

அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கஞ்சியக்காவால் முடியவில்லை.

"தெரியும்" என்றாள். "துணியப் புடுங்கும்போது அவ கன்னத்துல என் கை பட்டுது. கொதிச்சுது. தெரிஞ்சுதான் புடுங்கினேன். அந்த நேரத்துல எனக்குத் துணிதான் பெருசாப் பட்டுது. என்ன மன்னிச்சுடு."

தங்கையின் கண் நிறைந்தது, ஆனால் முகம் இளகவில்லை.

"இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றாள். கசங்கிய காகிதத்தைக் கூடையில் போட்டுவிட்டு, "உடனே சரின்னு சொல்ல என்னால முடியலக்கா" என்றாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த 'அக்கா' வந்துவிட்டது, அவளுக்கே தெரியாமல்.

அஞ்சு மணிவரை பெட்டி திறந்திருக்கும், சீட்டுப் போடுகிறாயா என்று கஞ்சியக்கா கேட்டாள். நீ போடு, மனசில் இல்லாமல் நான் போடமாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. இந்த விஷயத்தில் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தன் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டாள்.

மறுநாள் எச்சரிப்பு தொடங்கியது. அவள் எழுந்து போகவில்லை. முழுவதையும் கேட்டாள். இரண்டாவது பாதி நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. கூட்டம் எல்லாம் போய்வரட்டும் என்று காத்திருந்து, கடைசியாக மிஞ்சிய ஏழு பேரில் ஒருத்தியாகப் போய், கிராதியின் ஓரத்தில் மண்டியிட்டாள். முழங்கால் வலித்தது. போதகர் தட்டோடு மறுகோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். தட்டைப் பார்க்கக் கூடாது என்பதும் அவள் வகுத்த ஒழுங்குதான், ஆனாலும் பார்த்தாள். எண்ணி வைத்த அப்பம் எண்ணினபடியே குறைந்துவந்தது. தனக்கு ஒன்று இருந்தது.

அப்போது பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. யாரோ வேகமாக நடந்து வந்து அவளுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு ஆள் இடத்தில் மண்டியிட்டார்கள். தோள் தோளில் இடித்தது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போதகர் கஞ்சியக்காவின் முன் வந்து நின்றார். தட்டில் ஒரே ஒரு அப்பம். அதை எடுத்தவர் இரண்டு பேரையும் பார்த்தார். கை பாதியில் நின்றது. சீட்டுப் போட்டவள் அக்கா.

"அவளுக்குக் குடுங்கய்யா" என்றாள் கஞ்சியக்கா. கிராதியில் மண்டியிட்டு அவள் வாய்விட்டுப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சபை முழுக்க நிமிர்ந்து பார்த்தது.

"பாதி போதுங்கய்யா" என்றாள் தங்கை, குனிந்த தலை நிமிராமல்.

போதகர் உடைத்தார். மெல்லிய அப்பம், சொன்னபடி கேட்கவில்லை, ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் உடைந்தது. பெரியது தங்கையின் கைக்குப் போனது. கஞ்சியக்கா அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, இருக்கட்டும் என்று இரண்டு கையையும் ஏந்தினாள்.